எஃப்.பி.ஜி.ஏ. போர்டு வாங்கப் போகிறீர்களா?

தக்கலையில் என்னிடம் எஃப்.பி.ஜி.ஏ. போர்டு பற்றிக் கேட்கும் மாணவர்கள் பலரும் அதை ஆர்டுயினோ போன்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் என்றே நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ஆர்டுயினோ சிப்பின் சர்க்யூட் மாறாது. நாம் எழுதும் புரோகிராம் அதில் இயங்கும். எஃப்.பி.ஜி.ஏ.வில் நாம் எழுதுவதே சர்க்யூட்டாக அமைகிறது. பிழை இருந்தால் அழித்துவிட்டு மீண்டும் அமைக்கலாம்.

தொழிற்சாலையில் தயாரித்த சிப்பை இப்படித் திருத்த முடியாது. அதனால்தான் புதிய சிப்களை முதலில் எஃப்.பி.ஜி.ஏ.வில் சோதிக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய சக்தி பிராசஸர் 2018-இல் சிப்பாக வந்தது. அதன் டிசைன் இலவசமாகக் கிடைக்கிறது. ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஏற்றி நீங்களே இயக்கிப் பார்க்கலாம்.

சர்க்யூட்டை வெரிலாக் மொழியில் எழுத வேண்டும். விவாடோ சாப்ட்வேர் அதை பிட்ஸ்ட்ரீம் ஃபைலாக மாற்றும். யு.எஸ்.பி. கேபிள் வழியே அதை போர்டில் ஏற்றலாம். மின்சாரம் நின்றால் சர்க்யூட் அழிந்துவிடும். போர்டிலுள்ள பிளாஷ் மெமரியில் பதிந்து வைத்தால், போர்டை ஆன் செய்ததும் தானாக வந்துவிடும்.

சென்சார், டிஸ்பிளே போன்றவற்றை இணைக்க இந்த போர்டில் 4 பீமாட் சாக்கெட்டுகள் உள்ளன. கவனம்! இவை 3.3 வோல்ட்டுக்கு உரியவை. ஆர்டுயினோவுக்கு வாங்கிய 5 வோல்ட் சென்சாரின் சிக்னலை நேரடியாகக் கொடுத்தால் சிப் பழுதாகலாம். நடுவில் லெவல் கன்வர்ட்டர் தேவை.

விவாடோவுக்கு ஹார்டு டிஸ்கில் பல ஜி.பி. இடம் வேண்டும். எனவே முதலில் ஐகாரஸ் வெரிலாக் என்ற சிறிய இலவச சாப்ட்வேரில் சிமுலேஷன் செய்து பழகுங்கள். ஆர்வம் நிலைத்தால் போர்டு வாங்குங்கள்.