இணைபிரியாத நகை

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டையை நோக்கிச் செல்வோர் தியாகதுருகத்து மலையைக் காணாமல் செல்ல இயலாது. மலைமீது பழைய கோட்டையின் சிதைவுகள் இன்றும் உள்ளன. இம்மலைக் கோட்டையும் செஞ்சிக் கோட்டையும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் போர்க் காலத்தை நினைவூட்டுவன. செஞ்சியை ஆண்ட தேசிங்கு மன்னன் 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது களத்தில் வீழ்ந்தான். அவனுடைய உயிர்த்தோழனும் அவனுக்காகப் போரிட்டு மாண்டான் என்று கதைப்பாடல் கூறும். அக்கதையைப் பாடக் கேட்டும், கூத்தாகக் கண்டும் இப்பகுதி மக்கள் கண்ணீர் சொரிந்தனர்.

அவ்வீரக் கதை 1960ஆம் ஆண்டில் 'ராஜா தேசிங்கு' என்னும் திரைப்படமாக வெளிவந்தது. எம்.ஜி.இராமச்சந்திரனும் பானுமதியும் தலைமைப் பாத்திரங்களை ஏற்றனர். நகைச்சுவைப் பகுதியில் தோன்றியோர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அவர்தம் வாழ்க்கைத் துணைவியார் டி.ஏ.மதுரமும் ஆவர். இருவரையும் திரையில் கண்டதும் மக்கள் சிரித்தனர். ஆனால் அந்நாளில் கலைவாணர் உயிரோடு இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் அவர் மறைந்துவிட்டார். அவ்விணையரின் நடிப்பை மக்களுக்கு இறுதியாகக் காட்டியது இப்படமே எனலாம். மறைந்தவர் சிரிக்க வைக்கிறார்; வாழ்பவர் அருகில் நின்று அச்சிரிப்புக்கு விடை தருகிறார். இஃது எத்தகைய காட்சி!

இவ்விருவரும் யாவர்? கிருஷ்ணன் 1908ஆம் ஆண்டில் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். வறுமையால் அவரது பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றது. வில்லுப்பாட்டும் நாடகமுமே அவருக்குக் கல்விக்கூடங்களாயின. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்று, 1936ஆம் ஆண்டில் வெளிவந்த 'சதிலீலாவதி' என்னும் படத்தில் நடித்தார். அதே ஆண்டில் 'வசந்தசேனா' என்னும் படத்தில் நடிக்கச் சென்றபோது மதுரத்தைச் சந்தித்தார். மதுரம் திருவரங்கத்தைச் சேர்ந்தவர். நடிப்பில் தொடங்கிய நட்பு இல்லறமாக மலர்ந்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகைக்கு நிலைக்களன்கள் என்றார். இவற்றுள் எள்ளல் எளிது. ஒருவனுடைய உடற்குறையையோ வறுமையையோ எள்ளிச் சிரிப்பை விளைவிக்க எவராலும் இயலும். கலைவாணர் அவ்வழியை நாடவில்லை. மூடநம்பிக்கை, குடிப்பழக்கம், வீண் பெருமை ஆகிய பேதைமைகளையே அவர் நகைப்புக்குரியனவாக்கினார். 1949ஆம் ஆண்டில் வெளிவந்த 'நல்லதம்பி' என்னும் படத்தில் 'கிந்தனார்' என்னும் கதாகாலட்சேபம் இடம்பெற்றது. தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த சிறுவன் ஒருவன், நகரம் சென்று கற்றுக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வரும் கதை அது. சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் வீடு திரும்பும்போது சிந்தித்துக்கொண்டே சென்றனர்.

நகைச்சுவைக்கு ஒருவர் போதாரோ என்று நீங்கள் வினவலாம். கலைவாணர் பெருமை பேசுவார். மதுரம் ஒரு சிறு கேள்வியால் அப்பெருமையைச் சரிப்பார். அவர் தோற்றுத் தலையைச் சொரியும்போதுதான் அவையில் சிரிப்பு எழும். தாம் தோற்பதற்கு இசைபவரும், வெல்லும் தருணத்தில் அளவறிந்து நிற்பவரும் சேர்ந்தால்தான் அச்சிரிப்புப் பிறக்கும். மனைவியை அறிவில் குறைந்தவளாகக் காட்டிச் சிரிக்க வைத்த காலத்தில், கணவனுக்கு அறிவு புகட்டும் மனைவியாக மதுரம் திரையில் நின்றார் என்பது கருதத்தக்கது.

திரையில் கண்ட துணை வாழ்விலும் பொய்க்கவில்லை. 1944ஆம் ஆண்டின் இறுதியில் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் கைதானார். தண்டனையும் பெற்றுச் சிறையில் வாடினார். வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. மீண்டும் விசாரிக்கப்பட்டு 1947ஆம் ஆண்டில் அவர் விடுதலையானார். சிரிக்க வைத்தவரின் இல்லத்தில் சிரிப்பற்றிருந்த அந்த ஆண்டுகளில், மதுரம் கணவரின் விடுதலைக்காக அயராது உழைத்தார்; எஸ்.வி.சகஸ்ரநாமம் முதலியோர் துணையோடு நாடகக் குழுவும் கலையாது நின்றது.

கடல் கடந்த நாட்டிலும் இத்தகைய இணை ஒன்று இருந்தது. மெலிந்த உடலினரான லாரலும் பருத்த உடலினரான ஹார்டியும் அமெரிக்கத் திரையில் உலகையே சிரிக்க வைத்தவர்கள். அவர்கள் சேர்ந்து நடித்த கடைசிப் படம் பிரான்சு நாட்டில் எடுக்கப்பட்டு 1951ஆம் ஆண்டில் வெளிவந்தது. படப்பிடிப்பின்போது லாரல் கடும் நோயுற்றார். அவருடைய மெலிவு திரையிலேயே தெரிந்தது. ஆயினும் பணியை முடித்துக் கொடுத்தார். ஹார்டி 1957 ஆகஸ்டு 7ஆம் நாள் மறைந்தார். அதன்பின் ஏழாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த லாரல், தோழரின்றி நடிக்க இசையவே இல்லை. ஒரே ஆண்டில், ஒரே திங்களில், உலகின் இரு மூலைகளில் இரு நகைச்சுவை இணைகள் பிரிந்தன. மொழியும் நாடும் வேறாயினும், இழப்பு ஒன்றே அன்றோ?

இன்னுமொரு செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. 1937ஆம் ஆண்டில் தியாகராச பாகவதர் நடித்த 'அம்பிகாபதி' படத்தில் கிருஷ்ணனும் மதுரமும் இளமைப் பொலிவோடு தோன்றினர். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1957ஆம் ஆண்டில் அதே கதை சிவாசி கணேசன் நடிக்க மீண்டும் எடுக்கப்பட்டது. அதிலும் இவ்விருவரும் இருந்தனர். அப்படம் வெளிவந்தபோதும் கலைவாணர் இல்லை. கதைத்தலைவர்கள் மாறினர், நகைச்சுவை இணை மாறவில்லை.

மாணவர்களே, 1960ஆம் ஆண்டினை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்நாளில் சிற்றூர்களுக்கு வாய்த்தவை கூடாரக் கொட்டகைகளே. நகரில் ஓடிய படம் பல திங்கள் கழித்தே அங்கு வந்து சேரும். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் இரவில் மணல் தரையில் அமர்ந்து படம் காண்பர். தங்கள் மண்ணின் தேசிங்கு களம் புகும் கதையைக் காண வந்தவர்கள், இடையே கலைவாணரும் மதுரமும் தோன்றக் கண்டனர். அவர் இறந்த செய்தி அவர்கள் அறிந்ததே. கண் கலங்கியிருக்கலாம்; ஆயினும் சிரிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

தேசிங்கின் தோழன் நட்புக்காக வாளேந்தினான். மதுரம் ஏந்தியது வாளன்று. கணவர் சொல்லும் சொல்லுக்கு ஏற்ற மறுசொல். கிருஷ்ணன் மறைந்த பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து, 1974ஆம் ஆண்டில் அவர் காலமானார். சென்னையில் இன்றுள்ள கலைவாணர் அரங்கம் ஒருவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் பழைய படச்சுருளில் அச்சிரிப்பைக் கேட்போர், அஃது இருவருடையது என்பதை உடனே அறிவர்.