அறை அறையாக ஒரு கைப்பெட்டி: செய்து பார்க்கச் சில குறிப்புகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசு வேலை நடக்கும் வீடுகளில் பொழுது முழுக்கச் சில்லறைச் சாமான்களோடுதான் கழியும். சலங்கை, வளையம், கொக்கி, திருகாணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் வீடு என்றால் ஃபியூஸ், பல்பு, வாஷர், நட்டு. தொழில் எதுவும் நடக்காத வீட்டிலும் ஊக்கு, பட்டன், பேட்டரி சேர்ந்துகொண்டே போகும். கடையில் விற்கும் அறைப்பெட்டிகள் பலவும் மேசை மேல் இருக்கும்வரை ஒழுங்காகத்தான் இருக்கும். தூக்கிச் சாய்த்தால் ஓர் அறைச் சாமான் அடுத்த அறைக்குள் போய்விடும். அந்தக் குறை வராமல் வீட்டிலேயே ஒரு பெட்டி செய்துகொள்ளலாம்.

1. பெட்டியை அளப்பதற்கு முன் சாமானைப் பிரியுங்கள். அதற்கு 30 குழி முட்டை அட்டை ஒன்று போதும். நாமக்கல் பக்கத்தில் அது கிடைக்காத தெருவே இல்லை. குழிக்கு ஒரு வகையாகப் போட்டு வாருங்கள். எந்த வகை குழியை மீறி வழிகிறதோ அதற்குப் பெரிய அறை. எந்த வகை அடியில் நாலைந்து மட்டும் கிடக்கிறதோ, அப்படி இரண்டு வகைக்குச் சேர்த்து ஓர் அறை. புது அட்டையாக வாங்குங்கள். முட்டை இருந்த அட்டையில் கிருமி தங்கியிருக்கும். மசாலா, மாத்திரைப் பக்கம் அதைக் கொண்டுவரவே கூடாது.

2. உள்ளளவு 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம் என்பது ஒரு கையால் தூக்க வசதியான அளவு. 12 அறை வரும். தடுப்புக்கு 4 மி.மீ. பிளைவுட் எடுத்தால் ஒவ்வோர் அறையும் 7.2 x 6.4 செ.மீ. இருக்கும், மூன்று விரல் தாராளமாக உள்ளே போகும். பலர் அறைகளைக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். விரல் நுழையாத அறையில் சாமானை எடுக்க, கடைசியில் பெட்டியையே கவிழ்க்க வேண்டியிருக்கும்.

3. தடுப்புகளை ஆணி அடித்துச் சேர்க்க வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும்படி பிளவு வெட்டினால் போதும். 30 செ.மீ. பலகை இரண்டு, 20 செ.மீ. பலகை மூன்று, எல்லாமே 6 செ.மீ. உயரம். நீளப் பலகையில் மேல் விளிம்பிலிருந்து 3 செ.மீ. ஆழத்துக்கு மூன்று பிளவு: ஒரு முனையிலிருந்து அளந்தால் 7.2 முதல் 7.6 வரை, 14.8 முதல் 15.2 வரை, 22.4 முதல் 22.8 வரை. குட்டைப் பலகையில் கீழ் விளிம்பிலிருந்து அதே ஆழத்துக்கு இரண்டு பிளவு: 6.4 முதல் 6.8 வரை, 13.2 முதல் 13.6 வரை. 4 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் சில சமயம் கூடக்குறைய இருக்கும். அதனால் மூலையில் கழிந்த துண்டு ஒன்றை நிறுத்தி வைத்து, அதன் தடிமனுக்குப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு ரம்பத்தை எடுங்கள். கோட்டுக்கு உள்பக்கமாகவே அறுத்து, மீதியை அரத்தால் ராவினால் இறுக்கமாக உட்காரும். பசை போடாவிட்டால், பின்னால் வேறு விதமாகப் பிரிக்க வேண்டும் என்றாலும் கழற்றிக்கொள்ளலாம்.

4. பெட்டியின் உயிர் மூடியில் இருக்கிறது. தடுப்பின் மேல் விளிம்புக்கும் மூடியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே 2 மி.மீ. சந்து இருந்தால் போதும், ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வாஷர் எல்லாம் இடம் மாறிவிடும். தடுப்பும் பெட்டியின் சுவரும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். தூக்கலாக நிற்பதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பிறகு மூடியின் உள்பக்கம் முழுக்க 3 அல்லது 4 மி.மீ. ஃபோம் ஷீட் ஒட்ட வேண்டும். ஃபேன்ஸி ஸ்டோரில் கைவினைக்கென்று விற்பதே போதும். மூடும்போது ஃபோம் சற்றே அமுங்கி ஒவ்வோர் அறையையும் தனித்தனியாக அடைக்கும். அந்த அமுக்கம் நிலைக்க, எதிரெதிரே இரண்டு பக்கமும் தாழ் வேண்டும். ஒரே பக்கம் கீலும் எதிர்ப்பக்கம் ஒற்றைத் தாழும் வைத்தால் மூலைகள் தூக்கிக்கொள்ளும்.

5. மூடி சரியா என்று சோதிக்கக் கடுகை விடச் சிறந்தது கிடையாது. ஓர் அறையில் கடுகு, பக்கத்து அறையில் உளுந்து, அதற்கடுத்து கொண்டைக்கடலை. மூடித் தாழிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து நன்றாகக் குலுக்குங்கள். உளுந்தில் கடுகு தென்பட்டால் அந்தத் தடுப்புக்கு நேராக ஃபோம் இன்னும் ஓர் அடுக்கு ஒட்டுங்கள்.

6. ஓர் அறை நிறைய இரும்பு நட்டு, போல்ட் போட்டால் ஏறக்குறைய 1 கிலோ வரும். 12 அறையும் அப்படி நிரம்பினால் பெட்டியைத் தூக்க ஆள் தேட வேண்டும். கனமானவை நடு அறைகளில், லேசானவை ஓரத்தில். கைப்பிடியையும் மூடியில் திருகாமல், பெட்டியின் இரு பக்கச் சுவரிலிருந்து வளைந்து மேலே வரும்படி வையுங்கள். அப்போது பெட்டி மட்டமாகவே தொங்கும்.

7. சலங்கை, மணி, பாசி போன்ற பொடிச் சாமானுக்குச் சதுர மூலை ஆகாது. மூலையில் ஒதுங்கி நகத்துக்குக்கூட வராது. அந்த அறைக்குள் சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை இறக்குங்கள். வளைந்த ஓரத்தில் விரலை வைத்து இழுத்தால் பாசி தானாக மேலேறி வரும். அஞ்சறைப்பெட்டிக்குள் வட்டக் கிண்ணம் வைத்ததற்கு அந்த வசதியும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வேண்டும்போது கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வேலை செய்யலாம்.

8. ஊசி, குண்டூசி அறைக்கு அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டுங்கள். வெள்ளி வேலை செய்பவர்களுக்குக் காந்தம் இன்னொரு விதத்திலும் உதவும்: அராவிய பொடியில் அரத்திலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் கலந்திருந்தால், காகிதம் சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்தினால் இரும்பு மட்டும் ஒட்டிக்கொள்ளும், வெள்ளி தங்கிவிடும்.

9. வெள்ளி கறுப்பதற்குக் கந்தகம்தான் காரணம். ஆகவே வெள்ளிச் சாமான் அறையில் ரப்பர் பேண்ட் போடாதீர்கள், கம்பளித் துணியில் சுற்றாதீர்கள். ஜிப் உறையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, ஒரு சாக்பீஸ் துண்டையும் உடன் வையுங்கள். ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

10. லாரியும் பைக்கும் சேர்ந்து இருக்கும் வீடுகளுக்கு: பெரிய லாரிகளுக்கு 24 வோல்ட் பல்பு, பைக்குக்கும் காருக்கும் 12 வோல்ட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 12 வோல்ட் பல்பை லாரியில் மாட்டினால் உடனே போய்விடும். ராத்திரி ஓட்டத்தில், நடுவழியில் அது நடந்தால் டிரைவர் பாடு திண்டாட்டம். பக்கத்துப் பக்கத்து அறையில் இரண்டையும் வைக்காதீர்கள். ஒன்று இடது ஓரம், மற்றது வலது ஓரம் என்று பிரித்து, 24 வோல்ட் அறையின் உள்சுவரில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

11. சமையல் சாமானுக்கு மட்டும் மரம் வேண்டாம். பெருங்காய வாசனை பிளைவுட்டில் ஏறினால் போகவே போகாது, மஞ்சள் கறையும் அப்படித்தான். அதற்கு எவர்சில்வரே சரி.

12. பட்டன் பேட்டரிகளை இந்தப் பெட்டியில் வைப்பதாக இருந்தால் ஒவ்வொன்றையும் செல்லோ டேப்பில் சுற்றுங்கள். ஒன்றோடொன்று உரசித் தீராமல் இருக்கும். ஆனால் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கு இந்தப் பெட்டியே கூடாது, பீரோவின் மேல்தட்டில் பூட்டி வையுங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் சதையைப் புண்ணாக்கிவிடும். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், வெளியே வருமா என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராக ஓடுங்கள்.