குடலின் காவலும் கீரை உணவும்

ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே உணவை உண்ட இருவரில் ஒருவர் யாதொரு தீங்குமின்றி எழுந்து செல்கிறார். மற்றவருக்கோ உதடு வீங்குகிறது, உடலெங்கும் தடிப்புகள் தோன்றுகின்றன, மூச்சுத் திணறுகிறது. உணவில் குற்றமில்லை. அவ்வுணவை அவர்தம் உடல் ஏற்கும் முறையிலேயே வேற்றுமை உள்ளது. இதனையே உணவு ஒவ்வாமை என்கிறோம். இவ்வொவ்வாமை எவ்வாறு தோன்றுகிறது, நாம் அன்றாடம் உண்ணும் கீரையும் காயும் பருப்பும் அதனோடு எவ்வகையில் தொடர்புடையன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒவ்வாமை என்பது யாது?

ஒவ்வாமையைக் குறிக்கும் ‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே உருவாக்கினார். 1921-இல் பிரவுஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தனர். கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவருடைய குருதிநீரில் சிறிதளவைப் பிரவுஸ்னிட்ஸின் தோலில் செலுத்திப் பின்னர் அதே இடத்தில் மீன் சாற்றையும் செலுத்தியபோது, அங்கே தடிப்பு எழுந்தது. எனவே ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் குருதியில் உள்ளது என்பது புலனாயிற்று. அப்பொருள் ‘ஐ.ஜி.ஈ.’ என்னும் எதிர்ப்புப் புரதமே என்பதை 1966-இல் ஜப்பானியத் தம்பதியரான இஷிசாகா இணையர் கண்டறிந்தனர்.

இப்புரதம் உடலின் ‘மாஸ்ட்’ அணுக்களின்மீது ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தனக்குப் பகையெனக் கொண்ட உணவுப் புரதம் வந்து தொட்டவுடன், அவ்வணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிடுகின்றன. வீக்கமும் அரிப்பும் மூச்சுத் திணறலும் அவற்றின் விளைவுகளே. பால் அருந்தினால் வயிறு உப்புதல் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்ததன்று. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் நேர்வது அது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

குடலின் காவல்

நம் குடலின் உட்சுவர் ஒற்றை அணு அடுக்கினால் ஆயது. அதன் ஒருபுறம் உணவும் எண்ணற்ற நுண்ணுயிர்களும். மறுபுறம் நம் குருதி. இத்துணை மெல்லிய வேலியைக் காக்கவே உடலின் எதிர்ப்பு அணுக்களுள் பெரும்பகுதி குடலில் நிலைகொண்டுள்ளன. சிறுகுடலில் உள்ள காவல் திட்டுகளைச் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் பெயர் என்பார் 1677-இலேயே விவரித்தார். அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

காவலன் கள்வனைப் பிடிக்க வேண்டும். விருந்தினனை வரவேற்கவும் வேண்டும். குடலும் அவ்வாறே நோய்க்கிருமியை எதிர்த்து, உணவைப் பொறுத்துக்கொள்ளக் கற்கிறது. 1911-இல் வெல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், முட்டைப் புரதத்தை முன்னரே உணவாகப் பெற்ற கினிப்பன்றிகளுக்குப் பின்னர் அதனை ஊசி வழியாகச் செலுத்தியபோது கடும் ஒவ்வாமை எழவில்லை என்பதைக் கண்டார். வாய்வழி வந்த பொருளை உடல் நண்பனாக ஏற்றுவிட்டது. இப்பொறுமையைக் காப்பவை ‘ஒழுங்காற்றும் டி அணுக்கள்’. இவற்றை 1995-இல் தெளிவுறக் காட்டிய ஜப்பானிய அறிஞர் சகாகுச்சி, அமெரிக்க அறிஞர்களான பிரன்கோ, ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

தாவரப் பொருள்களின் தொண்டு

இக்காவலுக்குத் தாவர உணவு மூன்று வழிகளில் துணைபுரிகிறது.

முதலாவது நார்ப்பொருள். நம்மால் செரிக்க இயலாத நாரைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து, ‘பியூட்டிரேட்’ முதலிய சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. இவை குடற்சுவரின் அணுக்களுக்கு உணவாகின்றன. ஒழுங்காற்றும் அணுக்களைப் பெருக்குகின்றன என்பதும் 2013-இல் எலிகளில் நிறுவப்பட்டது. நார் கிடைக்காதபோது நுண்ணுயிர்கள் குடலின் காப்பான சளிப்படலத்தையே அரித்து உண்ணத் தொடங்குகின்றன என்பதை 2016-இல் வெளிவந்த மற்றோர் எலி ஆய்வு காட்டியது. வேலியைப் பராமரிக்கும் ஆளுக்குக் கூலி தராவிட்டால் அவன் வேலியையே விறகாக்குவான் அன்றோ!

இரண்டாவது, முட்டைக்கோசு, காலிபிளவர், நூற்கோல் முதலிய கடுகுக் குடும்பத்துக் காய்களில் உள்ள பொருள்கள். இவற்றை மென்று உண்ணும்போது ‘இண்டோல்’ வகைச் சேர்மங்கள் தோன்றுகின்றன. குடலின் காவல் அணுக்களில் உள்ள ஓர் உணரி இவற்றை அறிந்து அவ்வணுக்களை நிலைநிறுத்துகிறது. இத்தாவரப் பொருள்கள் நீக்கப்பட்ட உணவைப் பெற்ற எலிகளின் குடற்சுவரில் காவல் அணுக்கள் குறைந்தன என்றும், அவற்றை மீண்டும் உணவில் சேர்த்தபோது நிலைமை சீராயிற்று என்றும் 2011-இல் அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது, முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் நிறைந்துள்ள கரோட்டின். இது உடலில் ‘ஏ’ வைட்டமினாக மாறுகிறது. குடலில் ஒழுங்காற்றும் அணுக்கள் தோன்றுவதற்கு இவ்வைட்டமின் வேண்டப்படுகிறது. நார் மிகுந்த உணவு எலிகளை நிலக்கடலை ஒவ்வாமையினின்று காத்ததென்றும், அக்காப்புக்கு ‘ஏ’ வைட்டமினும் தேவையாயிற்றென்றும் 2016-இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் கண்டனர். நாரும் கீரையும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பது இதன் பொருள்.

நிலக்கடலை தரும் பாடம்

திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய மாவட்டங்களின் உழவர்களுக்கு வாழ்வளிக்கும் நிலக்கடலையே, மேனாடுகளில் பெற்றோரை அஞ்சவைக்கும் உணவாக உள்ளது. ஒவ்வாமை நேரும் வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு 3 வயது வரை நிலக்கடலை தரலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000-இல் அறிவுறுத்தியது. அவ்வறிவுரையால் பயன் விளைந்ததாகச் சான்று கிட்டாமையின், 2008-இல் அதனைக் கைவிட்டது. பின்னர் இலண்டனில் 640 குழந்தைகளைக்கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. முதலாண்டிலேயே தொடங்கி நிலக்கடலையை உண்டுவந்தோருள் 3.2 சதவீதத்தினருக்கும், தவிர்த்தோருள் 17.2 சதவீதத்தினருக்கும் 5 வயதில் ஒவ்வாமை காணப்பட்டது. தவிர்த்தல் காப்பு அன்று; காலத்தே பழக்குதலே காப்பு என்பது தெளிவாயிற்று.

சமைக்கும் முறையும் கருதத்தக்கது. வறுத்த கடலையைவிட நீரில் வேகவைத்த கடலைக்கு ஒவ்வாமையைத் தூண்டும் ஆற்றல் குறைவு. எனினும், ஒவ்வாமை உடையவருக்கு வேகவைத்த கடலையும் தீங்கு செய்யக்கூடும் என்பதை மறத்தலாகாது.

எல்லையை அறிதல்

மேற்கூறிய தாவரப் பொருள்கள் பற்றிய ஆய்வுகளுட் பல எலிகளில் நிகழ்ந்தவை. வெங்காயத்தில் உள்ள ‘குவர்செடின்’ என்னும் பொருள் மாஸ்ட் அணுக்களை அடக்குவதும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் கண்ட செய்தியே. ஆகவே கீரை உண்டால் ஒவ்வாமை நீங்கும் என்று எவரேனும் கூறின், அதனை நம்பலாகாது. நல்லுணவு குடலின் காவலை வளர்க்கும். மூண்டுவிட்ட ஒவ்வாமையைத் தணிக்காது. மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றியபின் கஷாயம் காய்ச்சிக் கொண்டிருத்தல் உயிருக்கே கேடாக முடியும். அந்நிலையில் முதல் மருந்து அட்ரினலின் ஊசியே.

கிராமத்தில் செய்யத்தக்கவை

1. பாலிஷ் செய்த அரிசியை மட்டுமே நம்பியிராது, கேழ்வரகு, கம்பு, சாமை, தோலுடன் கூடிய பயறு, வாழைத்தண்டு, வாழைப்பூ ஆகியவற்றை வாரந்தோறும் மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

2. வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் ஒரு பாத்திக் கீரையும் இருக்கட்டும். கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் கரோட்டின் உடலில் நன்கு சேரும்.

3. குழந்தைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் இணையுணவு தொடங்குகையில் பருப்பு, முட்டை, நன்றாக அரைத்த நிலக்கடலை மாவு ஆகியவற்றைக் காரணமின்றித் தள்ளிப்போடுதல் வேண்டா. கடும் கரப்பான் நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு நிலக்கடலையை மருத்துவரைக் கேட்ட பின்னரே தருதல் வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்குமாதலால் சிறு குழந்தைகளின் கையில் கொடுத்தலாகாது.

4. ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோர் அதனை அங்கன்வாடிப் பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் தெரிவித்து வைத்தல் கடமையாகும்.

5. உணவு உண்ட சிறிது நேரத்தில் முகம் வீங்கி மூச்சுத் திணறுமாயின், உடனே 108 எண்ணை அழைத்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். படுக்கவைத்துக் காத்திருக்கும் நேரம் அதுவன்று.

ஒவ்வாமை உள்ளவரை ‘உணவில் வீம்பு பிடிப்பவர்’ என்று இகழும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. சிறிது சிறிதாகக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அவரறியாமல் உணவில் கலந்து தருவோரும் உளர். இது பெருந்தீங்கு. பழக்குதல் என்பது ஒவ்வாமை தோன்றுமுன் செய்யும் பணி. தோன்றியபின் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நிகழத்தக்கது.

விலை மிகுந்த டானிக்குகள் தேடி நாம் நகரத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. குடலின் காவலுக்கு வேண்டிய பொருள்களுட் பல நம் வரப்பிலும் கொல்லையிலும் விளைகின்றன. அவற்றைப் பயிரிட்டு, பக்குவமாகச் சமைத்து, நம் குழந்தைகளுக்கு உரிய காலத்தில் ஊட்டுவோமாக. மகளிர் குழுக்கள் தத்தம் கூட்டங்களில் இச்செய்திகளை எடுத்துரைப்பின், ஊர் முழுதும் பயன்பெறும்.