வீடு தேடி வரும் மனநல வைத்தியம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கம் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டால் முதலில் விபூதி போட்டு மந்திரிப்பார்கள். சரியாகவில்லை என்றால் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைப்பார்கள். ஆஸ்பத்திரி அதற்குப் பிறகுதான். இதற்கு வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்றால் நம்புவதற்கு ஆளில்லை.

நம்பிக்கை: மனநோய் என்றாலே கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

உண்மை: பெரும்பாலானோருக்கு அது தேவையே இல்லை. இதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே சாட்சி. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு, 2010-ல் இந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே சின்ன அறை, வீடியோத் திரை, மருந்தகம். நோயாளி பேருந்தில் உட்கார்ந்தபடியே சென்னையில் இருக்கும் மனநல மருத்துவரிடம் பேச முடிந்தது; அவர் சொல்லும் மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைத்தது. உள்ளூரிலேயே பயிற்சி கொடுக்கப்பட்ட களப்பணியாளர்கள் நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். வீடுகளுக்கும் போய்ப் பேசினார்கள். பேருந்தைவிட இந்த வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மனச்சிதைவு உள்ளவர் பலருக்குத் தனக்கு நோய் என்பதே தெரியாது. தானாக வந்து வரிசையில் நிற்கமாட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற அம்மாவுக்கோ அன்றைய கூலி போய்விடும், பஸ் செலவு வேறு. இரண்டு மாதம் இப்படி அலைந்தபின் மாத்திரை நின்றுபோகும், நோய் திரும்பிவிடும்.

நம்பிக்கை: டாக்டர் இல்லாமல் வேறு யாரோ வீட்டுக்கு வந்து என்ன ஆகப்போகிறது?

உண்மை: மருந்தை முடிவு செய்வது டாக்டர்தான். அதை விடாமல் சாப்பிட வைப்பது, மருந்தால் கை நடுங்கினால் டாக்டருக்குத் தெரியப்படுத்துவது, குளிக்கவும் வேலைக்குப் போகவும் மறுபடி பழக்குவது, களைத்துப்போன குடும்பத்துக்குத் துணை நிற்பது எல்லாம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரரால் முடியும். காஞ்சிபுரம், கோவா, சத்தாரா ஆகிய மூன்று இடங்களிலும் சேர்த்து மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு வீட்டிலும் கவனிப்புப் பெற்றவர்களுக்கு, ஓராண்டில் நோயும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. வித்தியாசம் மலையளவு இல்லை. அன்றாடம் அந்த நோயோடு மல்லுக்கட்டும் வீட்டுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

நம்பிக்கை: வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால் கட்டிப்போட்டுத்தான் பார்க்க முடியும்.

உண்மை: சங்கிலி சிகிச்சை ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த இடத்தில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் செத்தார்கள். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதித்திருக்கிறது. வீட்டிலேயே மறுவாழ்வுச் சேவை கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாகவும் அதே சட்டம் வைத்திருக்கிறது; இதைக் கேட்டு வாங்கலாம்.

எல்லாவற்றுக்கும் வீடு போதாது. சாப்பாடு தண்ணீரை மறுத்தால், செத்துப்போகிறேன் என்று பேசினால், அடிக்கத் தொடங்கினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்கள் 14416-ஐ அழைக்கலாம். அரசின் இலவச எண்; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.