டாக்ஸ்ஹுண்ட் நாய்: ரோமம் மூன்று, பிடிவாதம் ஒன்று

குட்டையான கால்களும், நீண்ட உடலும், தொங்கும் காதுகளும் கொண்ட டாக்ஸ்ஹுண்ட் நாயை நகரங்களில் பலர் ஆசைக்காக வளர்க்கின்றனர். தோட்டத்து வீட்டிலும் ஒன்று இருக்கட்டுமே என எண்ணுவோரும், குட்டி விற்றால் உபரி வருமானம் கிடைக்குமே எனக் கணக்குப் போடுவோரும் உண்டு. பணம் கொடுக்கும் முன் இந்த இனத்தின் ரோமம், குணம், முதுகு ஆகிய மூன்றையும் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம்.

பிறப்பிடமும் வேலையும்

இது ஜெர்மனி நாட்டு இனம். அந்நாட்டு மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர் எனப்படும் வளைக்கரடி. 'ஹுண்ட்' என்றால் நாய். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அந்த விலங்கை வளைக்குள்ளேயே சென்று எதிர்ப்பதற்காக வேட்டைக்காரர்கள் இதை உருவாக்கினர். இந்த இனத்துக்கான ஜெர்மன் சங்கம் 1888-ல் தொடங்கப்பட்டது. 1972-ல் மியூனிக் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியின் சின்னமான 'வால்டி'யும் இந்த நாயே. அடிபட்டு ஓடிய மானை ரத்த வாசனையால் தேடிக் கண்டுபிடிக்க ஜெர்மன் வனக்காவலர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றனர்.

மூன்று வகை ரோமம்

முதல் வகை குட்டை ரோமம். உடலோடு ஒட்டி, வழவழப்பாக இருக்கும். துணியால் துடைத்தாலே போதும். உண்ணி இருந்தால் உடனே கண்ணில் படும். வெயில் மிகுந்த இடங்களுக்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது நீண்ட ரோமம். காது, மார்பு, வால் ஆகிய இடங்களில் ரோமம் தொங்கும். நாள்தோறும் சீவாவிட்டால் சிக்கு விழும். நெருஞ்சி முள்ளும் ஒட்டுப்புல்லும் எளிதில் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது கம்பி ரோமம். தேங்காய் நாரைத் தொடுவது போல் முரடாக இருக்கும். முகத்தில் தாடியும் அடர்ந்த புருவமும் காணப்படும். முள் புதரில் நுழையும்போது உடலைக் காக்கும் இந்த ரோமத்தை ஜெர்மன் வேட்டைக்காரர்கள் பெரிதும் விரும்புகின்றனர்.

இவற்றில் ஒவ்வொன்றிலும் மூன்று அளவுகள் உண்டு. அளவை முடிவு செய்வது உயரம் அல்ல, மார்புச் சுற்றளவு. வளையின் வாய்க்குள் நாய் நுழைய வேண்டும் என்பதே இதற்குக் காரணம். ஆக, மொத்தம் ஒன்பது பிரிவுகள்.

குட்டை ரோமப் பெற்றோருக்கு நீண்ட ரோமக் குட்டி பிறப்பதைக் கண்டு சிலர் ஏமாற்றம் அடைகின்றனர். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. நீண்ட ரோமத்தின் மரபுக் கூறு ஒடுங்கியது. தாய், தந்தை இரண்டிலும் அது மறைந்திருந்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று நீண்ட ரோமத்துடன் பிறக்கும். கம்பி ரோமத்தின் கூறு ஓங்கியது. பெற்றோரில் ஒன்றிடம் இருந்தாலே குட்டியில் வெளிப்படக்கூடும். ரோம வகைகளுக்குக் காரணமான மரபுக் கூறுகள் 2009-ல் வெளியான ஆய்வில் அடையாளம் காணப்பட்டன.

குணம்

இருட்டு வளைக்குள் தன்னந்தனியாகத் தானே முடிவெடுத்துப் போராட வேண்டிய நாய் இது. ஆகவே துணிச்சலும் பிடிவாதமும் இதன் பிறவிக் குணங்கள். கூப்பிட்டவுடன் ஓடிவரும் என எதிர்பார்க்கக் கூடாது. அடித்தால் வழிக்கு வராது. சிறு தீனி கொடுத்துப் பொறுமையாகப் பழக்கினால் கற்றுக்கொள்ளும்.

மண்ணுக்கடியில் குரைப்பது மேலே நிற்பவருக்குக் கேட்க வேண்டும் என்பதால், சிறிய உடலுக்குள் பெரிய குரல் அமைந்துள்ளது. அந்நியர் வந்தால் வீட்டாருக்கு நன்றாக அறிவிக்கும். ஆனால் தெருநாய்க் கூட்டத்தை விரட்டி ஆட்டுப் பட்டியைக் காக்க இதனால் ஆகாது. அந்த வேலைக்கு நம் கோம்பை, ராஜபாளையம் போன்ற நாய்களே பொருத்தம். எலியைத் துரத்தும்; கோழியையும் துரத்தும். நாற்றங்கால், வரப்பு என்று பாராமல் தோண்டும். வீட்டாரிடம் மிகுந்த பாசம் காட்டினாலும் அந்நியரைக் கடிக்கும் சுபாவம் சற்று அதிகம். கம்பி ரோம நாய்கள் துடிப்பானவை, நீண்ட ரோம நாய்கள் சாதுவானவை என்று வளர்ப்போர் சொல்வர். எனினும் குட்டிப் பருவத்தில் பழக்கும் முறையே முக்கியம். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும்படி தொடர்ந்து போட்டுவர வேண்டும்.

முதுகே பலவீனம்

கால்களைக் குட்டையாக்கும் மரபுக் குறையோடு சேர்ந்து, முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற தட்டுகளும் இளம் வயதிலேயே காய்ந்து இறுகிவிடுகின்றன. அவை பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால்கள் விழுந்துவிடும். இந்த இனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நாய்க்கு வாழ்நாளில் இத்தொல்லை வருகிறது.

கவனிக்க வேண்டியவை:

1. உடல் பெருக்க விடக்கூடாது. விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும்.

2. திண்ணையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிக்க விடக்கூடாது.

3. முன்கால்களைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை மார்பின் கீழும், மற்றொரு கை பின்புறத்தின் கீழும் கொடுத்து, முதுகு மட்டமாக இருக்கும்படி தூக்க வேண்டும்.

4. முதுகைத் தொட்டால் கத்தினாலோ, பின்னங்காலை இழுத்து நடந்தாலோ நடமாட விடாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது.

இனப்பெருக்கம் செய்வோருக்கு எச்சரிக்கை

உடலெங்கும் வெளிர் திட்டுகள் கொண்ட 'டேப்பிள்' நிறக் குட்டிகளுக்கு விலை அதிகம் என்று ஆசைப்பட்டு, அந்த நிறத்திலேயே கிடாவையும் பெட்டையையும் சேர்ப்பது பெரும் தவறு. சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு அந்தக் கூறு இரட்டையாக வரும். அத்தகைய குட்டிகள் பெரும்பாலும் வெளுத்துப் பிறக்கும். காதுக்கும் கண்ணுக்கும் தேவையான நிற அணுக்கள் குறைவதால் பல செவிடாகவோ குருடாகவோ ஆகிவிடும். ஒரு பக்கம் டேப்பிள் என்றால் மறுபக்கம் ஒரே நிற நாயாக இருக்க வேண்டும். முதுகு நோய் கண்ட நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.

குட்டி வாங்குவோர் ரோமத்தின் அழகை மட்டும் பார்க்காமல், தாயையும் தந்தையையும் நேரில் நடக்க விட்டுப் பார்த்து, முதுகு நோய் உண்டா என விசாரித்து வாங்க வேண்டும். கொஞ்சம் விசாரிக்கச் சோம்பினால், பின்னர் நடக்க முடியாத நாயை ஆண்டுக்கணக்கில் சுமக்க நேரிடும்.