ஏற்காட்டில் இலையுதிர் காலம் எப்போது?

ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலப் பாடத்தையும் நானே எடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், பருவங்களைப் பற்றிய பயிற்சித்தாள் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து நகலெடுத்துக் கொடுத்தேன். நான்கு கட்டங்கள், நான்கு மரங்கள். மூன்றாவது கட்டத்தில் இலைகள் ஆரஞ்சு நிறத்தில் கொட்டிக் கிடக்கும். "இது ஆட்டம்" என்று வாசித்துக் காட்டினேன். "ஆட்டம்னா வெளையாட்டா டீச்சர்?" என்றான் முன் வரிசையில் இருந்தவன். வகுப்பே சிரித்தது. இலையுதிர் காலம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை என்று விளக்கினேன். அப்போதுதான் ஜன்னல் ஓரத்தில் இருந்த மாணவி வெளியே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப அக்டோபர் வரப்போகுதே, நம்மூருக்கு எப்ப டீச்சர் வரும்?"

வெளியே மூடுபனி. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காபித் தோட்டம் மழையில் குளித்துக் கரும்பச்சையாக நின்றது. ஒரு இலைகூடச் சிவக்கவில்லை. எனக்கு அன்று பதில் வரவில்லை. அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருந்துகொண்டு, கண்ணெதிரே இருந்த பருவத்தை விட்டுவிட்டு வேறு நாட்டின் பருவத்தைப் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டக் கொடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

அவளுக்கான பதிலை அடுத்த நாள் சொன்னேன். குளிர் நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் தெரிய வருகின்றன. சில மரங்கள் சிவப்பு நிறமியைப் புதிதாகவும் உண்டாக்கும். பிறகு இலை உதிர்கிறது. நம் காடுகளில் இலை உதிர்வதற்குக் காரணம் குளிரல்ல, தண்ணீர்த் தட்டுப்பாடு. மழை ஓய்ந்து மண் வறளும் தை, மாசி, பங்குனியில்தான் சேர்வராயன் மலைச் சரிவில் மரங்கள் மொட்டையாகின்றன. சேலத்திலிருந்து வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் சருகு பறப்பதை அந்த மாதங்களில் பிள்ளைகளே பார்த்திருக்கிறார்கள். ஆக, நம்மூரில் இலை உதிரும் நேரம் ஒன்று, அக்டோபர் இன்னொன்று.

அப்படியானால் அக்டோபருக்கு என்ன பெயர்? இதற்குத் தமிழாசிரியர் அறைக்குப் போனால் போதும். ஆவணி, புரட்டாசி கார் காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். குறிஞ்சித் திணைக்கு உரிய பெரும்பொழுதாக இலக்கணம் சொல்வது கூதிரையும் முன்பனியையும். மலைக்கு உரிய காலம் இதுதான் என்று நம் முன்னோர் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறார்கள். காலாண்டு விடுமுறை விடும்போது பிள்ளைகள் கார் காலத்தின் கடைசியில் வீட்டுக்குப் போகிறார்கள். திரும்பி வந்த சில நாள்களில் கூதிர் தொடங்கிவிடுகிறது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் அந்த ஆறு பெரும்பொழுதுகள் ஜன்னலுக்கு வெளியே நடப்பவை என்று அன்றுதான் எங்கள் வகுப்புக்குத் தெரிந்தது. எனக்கும்தான்.

விடுமுறை வீட்டுப்பாடம்

இதை எழுதத் தூண்டியது பருவப் பாடம் மட்டுமல்ல. அதே ஆண்டு விடுமுறைக்கு நான் பாடத்துக்கு இருபது பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். பள்ளி திறந்து நான்கு நாள்கள் ஆகியும் ஜன்னல் ஓரத்து மாணவி வரவில்லை. ஐந்தாம் நாள் அவள் அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தார். தோட்டத்தில் களையெடுக்கும் வேலை, வீட்டில் ஆளில்லை, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவளையும் தோட்டத்துக்கே கூட்டிப் போயிருக்கிறார். "நோட்டு நனைஞ்சு போச்சு டீச்சர். திட்டுவீங்கன்னு வரலை" என்றாள். மழையில் ஊறி, மை பரவி, தாள்கள் ஒட்டிப்போன அந்த நோட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள்.

மலைச் சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறைக்குப் பிந்தைய முதல் வாரம் ஆபத்தானது என்பது மலைப்பள்ளிகளில் பணியாற்றிய எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். ஒரு நாள் தயங்கினால் ஒரு வாரம். ஒரு வாரம் போனால் தேடிப் போக வேண்டும். அந்தத் தயக்கத்தை நான் எழுதச் சொன்ன இருபது பக்கம் உண்டாக்கியிருந்தது. அதன் பிறகு காலாண்டு விடுமுறைக்கு எழுத்து வேலை கொடுப்பதில்லை. ஒரு தொன்னை, ஒரு இலைப்படம், வீட்டில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பலகாரம் — இவ்வளவுதான் வேலை. எதையும் செய்யாமல் வந்தாலும் வரலாம், பள்ளியில் செய்துகொள்ளலாம். இதை மூன்று முறை சொல்லி அனுப்புவேன்.

தொன்னையும் இலைப்படமும்

விடுமுறைக்கு முந்தைய இரண்டு பாடவேளைகளில் கையில் செய்து பார்த்துவிட வேண்டும். கரும்பலகையில் சொல்லி அனுப்பினால் நடக்காது.

தொன்னைக்குப் பலா இலை. ஏற்காட்டில் இதற்குப் பஞ்சமில்லை. கொழுந்து இலை கிழியும், காய்ந்தது உடையும். நன்கு முற்றிய பச்சை இலையாக இருக்க வேண்டும். இலையைக் கழுவித் துடைத்து, காம்புப் பக்கத்தைக் கையில் பிடித்து, கூம்பாகச் சுருட்டி, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஈர்க்குச்சியை உள்ளே விட்டு வெளியே எடுத்துக் குத்தினால் முடிந்தது. ஒரு கைப்பிடிச் சுண்டல் பிடிக்கும். பெரிய தொன்னை வேண்டுமானால் நான்கு இலைகளைச் சேர்த்துத் தைக்கலாம்; பாட்டிமார் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அதையும் செய்து வந்துவிடுவார்கள். கூம்பின் வாய் அகலமானால் உயரம் குறைகிறது, எதில் அதிகம் பிடிக்கும் என்று எட்டாம் வகுப்பில் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பொரியைக் கொட்டி அளந்து சண்டை போட்டுக்கொள்வார்கள். சூத்திரம் பின்னால் வரட்டும்.

இலைப்படத்துக்கு மூன்று இலைகளைப் பரிந்துரைக்கிறேன். காபி இலையைத் தலைகீழாக, நரம்பு மேலே இருக்கும்படி வைத்து, மேலே தாளைப் பரப்பி மெழுகு வண்ணக் கோலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நெளிநெளியான ஓரமும் நரம்பும் தெளிவாக விழும். மிளகுக்கொடி இலையில் அடியிலிருந்தே பல நரம்புகள் வளைந்து நுனியை நோக்கி ஓடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தேய்த்துவிட்டால் நரம்பமைவுப் பாடத்துக்குப் படம் தனியாக வரைய வேண்டாம்.

மூன்றாவது சில்வர் ஓக். காபிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் தோட்டம் முழுக்க நிற்கும் இந்த மரம் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது என்றால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். காபியும் இந்த மலைக்கு வந்து குடியேறியதுதான்; சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே கொண்டுவந்தார். சில்வர் ஓக் இலையைத் தேய்த்தால் சரியாக விழாது. அதன் அழகு சீவிவிட்டது போன்ற ஓரத்தில் இருக்கிறது. தாள்மேல் இலையை வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் நீலத்தைத் தொட்டு விரலால் தெறிக்கவிட்டு, இலையை எடுத்தால் வெள்ளையாக அச்சு நிற்கும். மூடுபனியில் தெரியும் மரம் போலவே இருக்கும்.

இலையைப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைக்கச் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். இங்குள்ள ஈரத்தில் இலையும் பூத்து, புத்தகமும் பூத்துப்போனது. களிமண் பொம்மையும் அப்படித்தான். கொலுப் பொம்மைக்குப் பேர்போன பண்ருட்டியிலும் மதுரைப் பக்கத்து விளாச்சேரியிலும் வெயில் இருக்கிறது. எங்களுக்கு அக்டோபரில் அது கிடையாது. நாங்கள் செய்த யானைகள் பத்து நாள் ஆகியும் ஈரமாகவே இருந்து, அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனதும் வெடித்துவிட்டன. களிமண்ணை மூன்றாம் பருவத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. இலை பொறுக்கும் பிள்ளைகள் சருகுக்குள் கையை விடக் கூடாது. குச்சியால் கிளறிப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். தோட்டத்துச் செடியில் பழம் பறிக்கவும் கூடாது. அக்டோபரில் காபிக் காய் பெரும்பாலும் பச்சை. அங்கொன்றும் இங்கொன்றும்தான் சிவந்திருக்கும். கீழே விழுந்தது போதும். மார்ச், ஏப்ரலில் பூத்தது எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பழுக்கிறது என்பதை விரல்விட்டு எண்ண அதுவே போதுமானது.

சுண்டல் ஏன் வேகவில்லை?

பலகாரம் என்றதும் கவனமாக இருக்க வேண்டும். விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் "வீட்டில் என்ன பலகாரம்?" என்று கேட்பது நமக்குச் சாதாரணக் கேள்வி. பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அப்படி இல்லை. 1982 முதல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டமும் எதற்காக வந்தன என்பது நமக்குத் தெரியும். விடுமுறையில் அந்த அடுப்புகள் எரிவதில்லை. ஆகவே நான் பலகாரம் செய்து கொண்டுவரச் சொல்வதில்லை. செய்முறையைக் கேட்டு வரச் சொல்கிறேன். செய்வது பள்ளியில், எல்லாரும் சேர்ந்து.

ஒரு முறை கேழ்வரகு உருண்டை செய்தோம். வறுத்த கேழ்வரகு மாவு இரண்டு டம்ளர், பொடித்த வெல்லம் ஒரு டம்ளர், வறுத்து நுணுக்கிய நிலக்கடலை அரை டம்ளர், உருட்டும் பதத்துக்கு வெந்நீர். அடுப்பே வேண்டாம். விகிதமும் பின்னமும் கையில் ஒட்டிக்கொண்டு வரும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்பதையும் உருட்டும்போதே சொல்லிவிடலாம்.

சுண்டல் கதை வேறு. நவராத்திரியை ஒட்டிய விடுமுறை என்பதால் சுண்டல்தான் பிள்ளைகள் அதிகம் கேட்டு வரும் செய்முறை. கொலு வைக்காத வீடுகளிலும், தேவாலயத்துக்குப் போகும் வீடுகளிலும் சுண்டல் உண்டு. முந்தின நாள் மாலை கால் கிலோ கொண்டைக்கடலையை எடை போட்டு ஊறவைத்தோம். காலையில் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீர் உறிஞ்சுதல் என்று எழுதிக்கொண்டார்கள். திறந்த பாத்திரத்தில் வேகவைத்தோம். சேலத்திலிருந்து தினமும் வந்து போகும் சக ஆசிரியர் ஒருவர், "எங்க வீட்டுல இந்நேரம் குழைஞ்சிருக்கும்" என்றார். கடலையோ கல்லாக இருந்தது.

இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. சேலத்தில் ஏறத்தாழ 99 டிகிரி, இங்கே ஏறத்தாழ 95. கொதிக்கிற தண்ணீர்தான், ஆனால் சூடு குறைவு. தளதளவென்று கொதிக்கிறதே என்று விறகைக் கூட்டினால் பயனில்லை. நேரத்தைத்தான் கூட்ட வேண்டும், அல்லது குக்கரில் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஆய்வக வெப்பமானியைக் கொதிநீரில் வைத்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே பார்த்தார்கள். அது நூறைத் தொடவேயில்லை. "புஸ்தகத்துல 100னு போட்டிருக்கே டீச்சர்" என்று ஒருவன் கேட்டான். கடல் மட்டத்தில் என்ற சொல்லுக்கு அன்றுதான் அவனுக்குப் பொருள் புரிந்தது. "எங்க ஆயா மலைக்கு மேல பருப்பு வேகாதுன்னு சொல்லும்" என்றான் இன்னொருவன்.

கடலை வெந்தபோது மதியம் ஆகிவிட்டது. விடுமுறையில் செய்த தொன்னைகளிலேயே பரிமாறினோம்.

இலைப்படங்களையும், ஒவ்வொருவரும் கண்டெடுத்த பொருள்களையும் மேசை, பெஞ்சு அடுக்கி ஐந்து படிகளில் வைக்கிறோம். காபிக் காய், சில்வர் ஓக் சருகு, பறவை இறகு, நத்தை ஓடு. ஒவ்வொன்றுக்கும் அருகில் யார், எங்கே, எந்த மாதம் என்று ஒரு வரி. அதே படிகளை மாசி மாதத்தில் மறுபடியும் நிரப்புகிறோம். அப்போது சருகு குவிந்துவிடும். இரண்டு வரிசைகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால், ஜன்னல் ஓரத்து மாணவி கேட்ட கேள்விக்கான விடை சுவரிலேயே இருக்கும்.

அவள் அடுத்த ஆண்டு விடுமுறை முடிந்த முதல் நாளே வந்துவிட்டாள். தங்கையைத் தோட்டத்தில் தூங்கவைத்துவிட்டுத் தைத்ததாம். நான்கு இலைத் தொன்னைகள் மொத்தம் பதினேழு, ஈரச் சாக்கில் சுற்றி, ஒன்றுகூட வாடாமல்.