பூச்சி போன பிறகும் வலிக்கும் வயிறு

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

கிளினிக் தொடங்கிய முதல் மாதத்திலேயே அந்த நோயாளி உங்களிடம் வந்திருப்பார். சாப்பிட்டதும் வயிறு முறுக்குகிறது, வெளிக்குப் போனால் கொஞ்சம் ஆறுகிறது, மறுபடியும் உப்புசம். "வயித்துல பூச்சி இருக்காம் டாக்டர்" என்பார். பழைய சீட்டுகளைப் புரட்டினால் எல்லாவற்றிலும் ஒட்டுண்ணியைக் கொல்லும் மெட்ரோனிடசோல். அடுத்த சீட்டில் நீங்களும் அதையே எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2004-இல் அந்த ஊரின் ஸ்வார்தெடிகெட் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் வழியாக ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி பரவியது. பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டுமே 1,200-க்கும் மேல். மருந்துக்குக் குறைவில்லாத நாடு; சிகிச்சை கிடைத்தது. ஆனால் அங்குள்ள மருத்துவர்கள் அதோடு கோப்பை மூடிவிடவில்லை. நோய் வந்தவர்களையும், அதே ஊரில் வராதவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து விசாரித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, நோய் வந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். என்னும் எரிச்சல் குடல் நோய்க்குறி; வராதவர்களில் 14 சதவீதம். பத்து ஆண்டுகள் கழித்தும் 43-க்கு 14. தீராத களைப்பும் நோய் வந்தவர்களிடமே மிக அதிகமாக இருந்தது.

உங்கள் நோயாளி சொல்வது பாதி உண்மையாக இருக்கலாம். பூச்சியால் தொடங்கியிருக்கும்; இப்போது பூச்சி இல்லாமல் இருக்கலாம். குடல்சுவரில் மிச்சமிருக்கும் லேசான அழற்சி, கூர்மையாகிவிட்ட நரம்புகள் ஆகியவையே வலிக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. இல்லாத ஒட்டுண்ணியை எந்த மாத்திரையும் கொல்லாது. மெட்ரோனிடசோலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு எரிச்சலும் மரமரப்பும் வரலாம்.

அதற்காகப் பார்க்காமலே "ஐ.பி.எஸ்." என்று எழுதுவதும் தவறு. ஜியார்டியா ஒவ்வொரு நாளும் மலத்தில் தென்படாது. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கேளுங்கள். ஆன்டிஜன் பரிசோதனை கிடைத்தால் இன்னும் நல்லது. ரிப்போர்ட்டில் "அமீபா சிஸ்ட்" என்று வந்தால் உடனே நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். தீங்கு செய்யும் ஹிஸ்டாலிடிகா அமீபாவும் தீங்கற்ற டிஸ்பார் அமீபாவும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். பிளாஸ்டோசிஸ்டிஸ் என்ற ஒட்டுண்ணி ஆரோக்கியமானவர்களிடமும் ஏராளம், அதுதான் ஐ.பி.எஸ்ஸுக்குக் காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் கூடியிருந்தால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழுவை நினையுங்கள். அது உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மலத்தில் ரத்தம், எடை இழப்பு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் ஐ.பி.எஸ். என்ற பேச்சையே ஒத்திவைத்து, மேல் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றால் "உங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வலி உண்மை. பல்லில் சொத்தை இல்லாதபோதும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுவதுபோல, குடலும் கூசுகிறது என்று சொல்லுங்கள்; புரிந்துகொள்வார்கள். ஜியார்டியாவுக்குப் பிறகு கொஞ்ச காலம் பால் செரிக்காமல் போகலாம். சில வாரம் பாலை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இசப்கோல், மெபெவரின் ஆகியவை பலருக்கு உதவும். அவை போதாதபோது இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலினில் தொடங்கலாம். மனநோய் மாத்திரை என்று மருந்துக்கடையில் யாராவது சொல்லிப் பயமுறுத்துமுன், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை நீங்களே விளக்கிவிடுங்கள்.

இன்னொன்று. எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பெர்கனில் விஷயம் வெளியே தெரிவதற்குள் ஏராளமானோர் நோயில் விழுந்துவிட்டார்கள். ஒரே தெருவிலிருந்து இரண்டு மூன்று பேர் நாள்பட்ட பேதியோடு வந்தால், சீட்டு எழுதியதோடு நிறுத்தாமல் அன்றைக்கே உங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சக மருத்துவர்